செப்பமும் பூச்சும்

பழுதுற்ற ஒன்றைச் சரிசெய்வதைச் 'செப்பனிடுதல்' என்கிறோம். செப்பம் என்னும் சொல்லுக்குச் செம்மை, நேர்மை, நடுவுநிலை என்னும் பொருள்கள் உண்டு. பழுதை மறைத்து ஒப்பேற்றுவதையோ 'பூசி மெழுகுதல்' என்கிறோம். இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைக் காலமே காட்டும். இதனை வானூர்திப் பராமரிப்பைப் போல் தெளிவாக உணர்த்தும் தொழில் பிறிதொன்று இல்லை என்பது நம் கருத்து.

நாம் பொறியியல் பயின்றவர் அல்லோம். எனினும், நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற இயற்பியல் மாணவர் ஒருவர் இன்று வானூர்திப் பராமரிப்புக் கூடம் ஒன்றில் பணிபுரிகிறார். விடுமுறையில் நம் இல்லம் வந்தபோது அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறினார். பணியில் சேர்ந்த புதிதில், தகட்டு இணைப்பில் இருந்த பழைய பசையைச் சுரண்டுகையில் கருவி வழுக்கி, வானூர்தியின் மேற்தகட்டில் மெல்லிய கீறல் ஒன்று விழுந்துவிட்டது. எவரும் காணவில்லை. வண்ணம் பூசினால் மறைந்துவிடும். சிறிது நேரம் தயங்கி நின்றவர், பின்னர் மேற்பார்வையாளரிடம் சென்று உண்மையைக் கூறிவிட்டார். கீறலின் ஆழத்தை அளந்தனர். அது செப்பக் கையேடு ஏற்கும் அளவைக் கடந்திருந்தது. வானூர்தி புறப்படவில்லை.

"ஒரு கீறலுக்கா இவ்வளவு?" என்று வினவினோம். அவர் விளக்கினார். வானூர்தி உயரே செல்லுந்தோறும் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் அதன் உடல் சற்றே விரிகிறது, தரையிறங்குகையில் சுருங்குகிறது. பல்லாயிரம் முறை இவ்வாறு நிகழ்கையில் உலோகம் சோர்வுறுகிறது. கீறல் உள்ள இடத்தில் பிளவு பிறந்து, மெல்ல மெல்ல வளர்கிறது.

இதற்குச் சான்று வரலாற்றில் உண்டு. 1980 பிப்ரவரி 7 அன்று ஹாங்காங்கில் தரையிறங்கிய சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 வானூர்தி ஒன்றின் வால்பகுதி ஓடுதளத்தில் உரசியது. கீறலுற்ற தகட்டை வெட்டியகற்றிப் புதிது பொருத்தியிருத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யாது, கீறல்களின் மீதே ஒட்டுத்தகடு ஒன்றை வைத்துத் தறைந்தனர். பின்னர் வந்த சோதனையாளர்கள் கண்டது பளபளக்கும் ஒட்டுத்தகட்டையே. அதன் அடியில் வளர்ந்த பிளவு வெளியிலிருந்து பார்த்த கண்களுக்குப் புலப்படவில்லை. 22 ஆண்டுகள் கழித்து, 2002 மே 25 அன்று, அவ்வானூர்தி தைவான் நீரிணையின் மேலே நடுவானில் சிதறியது. 225 உயிர்கள் மாண்டன. காயம் திறந்தே கிடந்திருப்பின் எவரேனும் கண்டிருப்பர், மூடியதே கேடாயிற்று.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 நிகழ்வும் இத்தகையதே. 1978இல் வால் உரசிய அவ்வானூர்தியின் பின்புற அழுத்தத் தடுப்புச் சுவரைச் செப்பனிட்டபோது, ஒரே துண்டாக அமைய வேண்டிய இணைப்புத் தகடு இரு துண்டுகளாக வைக்கப்பட்டது. அதனால் இரு வரிசைத் தறையாணிகள் தாங்கவேண்டிய சுமையை ஒரு வரிசையே தாங்கிற்று. ஏழாண்டுகள் தாங்கியது; 1985 ஆகஸ்டு 12 அன்று தாங்கவில்லை. பயணம் செய்த 524 பேரில் 520 பேர் மாண்டனர்.

காணும் திறன் மட்டும் போதாது. கண்டதைக் கூறும் துணிவும் வேண்டும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸ் வானூர்தியின் மேற்கூரை பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏறும்போதே உடலில் ஒரு பிளவைக் கண்டதாகவும், எவரிடமும் சொல்லவில்லை என்றும் பயணி ஒருவர் பின்னர் தெரிவித்தார். நிபுணர்கள் அறியாததா நமக்குத் தெரிந்துவிடப்போகிறது என்ற எண்ணம் நம் எல்லோரையும் வாய்மூட வைப்பதுதானே!

இன்றோ கூறுதலின் தேவை பெருகியுள்ளது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவற்றின் உடல் பெரும்பாலும் கரியிழைக் கலப்புப் பொருளால் ஆனது. தரையில் இயங்கும் வண்டி ஒன்று இடித்துவிட்டால், வெளியே சுவடின்றி உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். மண்பானையைத் தட்டி ஓசை கேட்டு வாங்குவதுபோல், சோதனையாளர் தட்டிப்பார்த்தும், மீயொலியைச் செலுத்தியும் அப்பிரிவை அறிகின்றனர். ஆனால் எவ்விடத்தில் இடித்தது என்பதை இடித்தவர் சொன்னாலன்றி, எங்கே தட்டுவது?

ஈண்டுதான் நம் கருத்தை வலியுறுத்த விரும்புகிறோம். தவற்றை ஒப்புக்கொண்டவரைத் தண்டிக்கும் இடத்தில் தவறுகள் குறைவதில்லை. மறைக்கும் திறமையே வளர்கிறது. காலதாமதமும் பொருளிழப்பும் நேரும் என்று கூறுவோர் உளர். நேர்வது மெய்யே. ஆயினும் அந்த இழப்பை எண்ணால் அளந்துவிடலாம். மறைத்ததன் இழப்பை அளக்க எண் இல்லை. வேண்டுமென்றே செய்த பிழையையும் கைதவறிய பிழையையும் வேறுபடுத்தியறிதல் மேற்பார்ப்போரின் கடன்.

அன்று நம் மாணவரை மேற்பார்வையாளர் கடிந்துகொள்ளவில்லையாம். "நீ சொல்லியிராவிட்டால் நான் கையெழுத்திட்டிருப்பேன்" என்று மட்டும் கூறினாராம். அச்சொல்லைச் சொல்லும்போது மாணவரின் குரல் தழுதழுத்தது.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும் உங்கள் கையாலும் ஒரு கீறல் விழும். அப்போது பூச்சைத் தேடாதீர்கள்; செப்பத்தைத் தேடுங்கள். ஆசிரியர்களும் பெரியோர்களுமாகிய நாமோ, அவர்கள் வந்து சொல்லும்போது அஞ்சாமல் சொல்லத்தக்கவர்களாய் இருப்போம்.