மாட்டை ஓட்டிட்டு வராதீங்க!

பால் சங்கத்தில் பாலைச் சோதிக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். இண்டூராகட்டும், பென்னாகரமாகட்டும், கேனிலிருந்து கொஞ்சம் பால் எடுத்து, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, கொழுப்பு பார்த்து, சட்டென்று விலையைச் சொல்லிவிடுவார்கள். "மாட்டை ஓட்டிட்டு வா, அது தின்ன தீவனத்தையும் கொண்டா" என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஜாவாஸ்கிரிப்ட் பிள்ளைகளில் பலர் மாட்டோடுதான் வந்து நிற்கிறார்கள்!

அந்தப் பால் சங்கத்துக்கே கம்ப்யூட்டரில் கணக்கு எழுதித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'கணக்குப் போடு' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஒரே ஃபங்ஷன் கட்டத்திலிருந்து லிட்டரைப் படிக்கிறது, தேதி பார்க்கிறது, விலையைப் பெருக்குகிறது, சர்வருக்கு அனுப்புகிறது, திரைக்குப் பச்சைக் கலரும் அடிக்கிறது. பெருக்கல் சரியா என்று பார்க்க பிரவுசர், நெட், சர்வர் அத்தனையும் வேண்டும். கரன்ட் போனால் சோதனையும் போச்சு.

2022 நவம்பர் 5 முதல் ஆவினின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. ஃபங்ஷன் தானாகவே கடிகாரத்தைப் பார்க்கிற ஜாதி என்றால், நாலாம் தேதி சரியாகக் கணக்குப் போடுமா என்று இன்றைக்கு எப்படிச் சோதிப்பது? காலண்டரைப் பின்னால் கிழிக்க முடியாதே! தேதியையும் லிட்டரையும் வெளியிலிருந்து கையில் கொடுத்துவிடுங்கள். பத்து லிட்டர், நாலாம் தேதி: 320. அதே பத்து லிட்டர், ஐந்தாம் தேதி: 350. இரண்டே வரியில் சோதனை முடிந்தது.

இன்னொரு கூத்து. காலையில் 10 லிட்டர், சாயங்காலம் 5. மொத்தம் எவ்வளவு? 105 என்கும் ஜாவாஸ்கிரிப்ட்! கட்டத்தில் டைப் அடித்தது அதற்கு எண்ணில்லை, எழுத்து. கூட்டல் குறி போட்டால் ஒட்ட வைத்துவிடும். (1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதினார். வேறென்ன எதிர்பார்ப்பது?) அதனால் வாசலிலேயே எண்ணாக மாற்றி உள்ளே விடவேண்டும். அந்த மாற்றலுக்கும் தனி ஃபங்ஷன், தனிச் சோதனை. காலிக் கட்டம், 'பத்து' என்று எழுத்தில் அடிக்கிற ஆசாமி, மைனஸ் லிட்டர் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பாருங்கள். 0.1-ம் 0.2-ம் கூட்டினால் 0.30000000000000004 காட்டுகிற மொழி இது. பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

கருவிக்கு அலைய வேண்டியதில்லை. 2022-ல் வந்த நோட் 18-லிருந்து சோதனை ஓட்டும் வசதி கூடவே வருகிறது. பச்சைக் கலர் சமாசாரத்தைக் கண்ணால் பார்த்தாலே போதும். விலையை அப்படி விட்டுவிடாதீர்கள். 350 வரவேண்டிய இடத்தில் 320 விழுந்தால், கேன்காரர் புரோகிராமரைத் தேடி பெங்களூருக்கா வரப்போகிறார்? சங்கச் செயலாளரின் சட்டையைத்தான் பிடிப்பார்.