முதலில் தூசியைத் துடைப்போம், பிறகு வேகத்தைப் பேசுவோம்!



போன மாதச் சுவர் இதழில், ஓவர்கிளாக் செய்தால் கம்ப்யூட்டருக்குக் காசில்லாமல் வேகம் கிடைக்கும் என்று ஒரு துணுக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு நாலைந்து பேர் என்னிடம் வந்து, "டேய், நீ பண்ணியிருக்கியாமே, எப்படிடா?" என்று கேட்டார்கள். பண்ணியது உண்மைதான். ஆனால் அதன் பிறகு என்ன ஆனது என்பதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் அண்ணன் உத்திரமேரூரில் கல்யாண ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிறார். அம்மா மகளிர் குழுவில் வாங்கிக் கொடுத்த கடனில்தான் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. அந்த வரிசையிலேயே மேல்மட்டப் பிராசசர். கடன் இன்னும் அடையவில்லை. மே மாத லீவில் அண்ணன் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்த நேரம், நான் பயாஸுக்குள் நுழைந்தேன். 5.0 கிகாஹெர்ட்ஸை 5.2 ஆக்கினேன். நிலையாக நிற்கவில்லை. வோல்டேஜைப் பத்து சதவீதம் ஏற்றினேன். நின்றது. பெரிய விஞ்ஞானி மாதிரி மார்தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு, ஒரு கல்யாண வீடியோ பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை நீலமாகி நின்றுபோனது. திரும்ப ஆன் செய்தால் அந்தக் கோப்பே திறக்கவில்லை. அண்ணன் மூன்று ராத்திரி தூங்காமல் முதலிலிருந்து செய்தார். பெண் வீட்டார் போனில் பேசிய பேச்சை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். காரணம் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, தப்பு எங்கே? கணக்கில் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 500 கோடித் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் மின்சாரம் சூடாக மாறுகிறது. துடிப்பு எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு சூடு கூடும். ஆனால் வோல்டேஜ் கூடினால் சூடு அதன் வர்க்கமாகக் கூடும். நான் செய்ததைப் பெருக்கிப் பாருங்கள்: 1.04 × 1.1 × 1.1 = 1.258. அதாவது 4 சதவீத வேகத்துக்காக 26 சதவீதம் சூட்டை விலைக்கு வாங்கியிருக்கிறேன். இதையா காசில்லாத வேகம் என்பது?

இன்றைய பெரிய பிராசசர்கள் ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கின்றன. 2023-இல் வந்த இன்டெல் கோர் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். நம் வீட்டுச் சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். மூன்று ஃபேனுக்கு மேல் ஓடும் மின்சாரம், ஒரு தபால்தலையைவிடச் சிறிய சில்லுக்குள் சூடாகிறது! 2024-இல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சில, நாளடைவில் நிலைகுலைந்தன. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதே முக்கியக் காரணம் என்று அந்த நிறுவனமே சொல்லி, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. செய்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், பயாஸில் அம்புக்குறியை அழுத்தும் நமக்கு?

அடுத்தது நம்ம ஊர். வீடியோவில் ஓவர்கிளாக் செய்து காட்டுகிறவர் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அறை 22 டிகிரி. ஏனாத்தூரில் மே மாத மத்தியானம், ஷீட் போட்ட அறைக்குள் 40 டிகிரி. ஃபேன் வைத்த கூலர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அறைக் காற்றைவிடச் சில்லைக் குளிராக்க முடியாது. அவருக்கு 75 டிகிரி காட்டும் அதே பிராசசர், அதே வேலையில் நமக்கு 93-ஐத் தொடும். "வாட்டர் கூலர் போட்டா சரியாயிடும்டா" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தண்ணீரும் சூட்டை ரேடியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அங்கேயும் அதே அறைக் காற்றுதான் ஊத வேண்டும்.

கூலருக்குள் இருக்கும் செம்புக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகித் திரும்புகிறது. இட்லிக் குண்டான் மூடியில் ஆவி முத்து முத்தாக நிற்பதும் இதே வேலைதான். விஞ்ஞானம் நம் அடுப்பங்கரையில் இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

"2023-இல் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினார்களே?" என்று கேட்பீர்கள். தாண்டினார்கள். திரவ ஹீலியம் ஊற்றி, மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே கொண்டுபோய்! அது ஓட்டப்பந்தயம். பந்தயக் காளையை ஏரில் பூட்டி உழ முடியுமா? இன்டெல் நிறுவனமே 2004-இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டு, ஒரே சில்லில் பல கோர்கள் வைக்கும் வழிக்குத் திரும்பியது. சூட்டோடு மல்லுக்கட்ட முடியாமல் போனது அதற்குப் பெரிய காரணம்.

நம் பக்கத்து உதாரணத்தையும் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசரை அடிப்படையாகக் கொண்டு, இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் என்ற சில்லை 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். விண்வெளிக்கானது. அங்கே காற்றே கிடையாது, ஃபேன் வைத்துப் பயனில்லை. சூட்டை உலோகத்தின் வழியே கடத்தி, கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற வேண்டும். அங்கே யாரும் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று முதலில் கேட்பதில்லை. நடுவழியில் நின்றுவிடாமல் ஓடுமா என்றுதான் கேட்கிறார்கள்.

இனி என் கதையின் மீதி. இரண்டு வாரம் கழித்து அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வேகம் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேடா. முதல்ல அந்த ஃபேன்ல இருக்கிற தூசியைத் தொடை" என்றார். பக்கத்துக் கதவைத் திறந்தால் கூலர் இடுக்கெல்லாம் பஞ்சு மாதிரி தூசி! பழைய அளவுகளையே திரும்ப வைத்தோம். தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். 97 டிகிரி காட்டியது 86-க்கு இறங்கியது. அதே வீடியோ 52 நிமிடத்துக்குப் பதில் 45 நிமிடத்தில் முடிந்தது!

எப்படி என்றால், சூடு எல்லையைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாம் வேகத்தை மேலே தள்ளத் தள்ள அது கீழே இறங்கும். குளிர வைத்தாலோ, கேட்காமலேயே வேகம் கொடுக்கும். ஓவர்கிளாக் எனக்குக் கொடுக்காத வேகத்தை ஒரு பழைய பெயின்ட் பிரஷ் கொடுத்தது.

ஓவர்கிளாக் செய்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. செய்து பார்த்தால்தான் புரியும் என்று சொல்லும் நண்பர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் சொந்தப் பழைய கம்ப்யூட்டரில், ஒவ்வொரு படியாக, வெப்பத்தைக் குறித்து வைத்துக்கொண்டு செய்வோம். அடுத்தவர் பிழைப்பு ஓடும் மெஷினில் வேண்டவே வேண்டாம்.

நம் லேபுக்கு என் யோசனைகள் இவை:

1. சி.பி.யு. பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளாதீர்கள். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள்.

2. ஓடிக்கொண்டிருக்கும்போது உறையை மேலே போடாதீர்கள். நாமே மறந்து செய்கிற தப்பு இது.

3. மாதம் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர் அனுமதியோடு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளஸ் டூ மாணவர்கள் தூசி தட்டுவோம். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும். முதல் மாதத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினாலும் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அந்த அதிகாரத்தின் பெயர் வலியறிதல். பிராசசரின் வலிமையை அறிவோம், நம் ஊர் வெயிலின் வலிமையையும் அறிவோம்.

இது என் கருத்து. மறுக்க நினைப்பவர்கள் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத்தாளில் தாராளமாக எழுதலாம். பெயர் போட்டு எழுதினால் நேரில் வந்து சண்டை போட வசதியாக இருக்கும்!

— பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன், ஏனாத்தூர்