பூட்டுக்கு அடைமொழி

சென்ற வாரம் திண்டுக்கல் கடைவீதிக்கு ஒரு பூட்டு வாங்கப் போயிருந்தோம். நமக்கு முன்னே நின்ற முதியவர் ஒருவர், உள்ளூர்க்காரர்தாம், "திண்டுக்கல் பூட்டாகவே பார்த்துக் கொடுங்கள், தம்பி" என்றார். கடைக்காரருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து வைத்தார். நமக்கோ வீடு வந்து சேரும் வரையில் அந்த ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. சென்னையிலோ கோயமுத்தூரிலோ ஒருவர் அவ்விதம் கேட்டால் நியாயம். திண்டுக்கல்லிலேயே கேட்பானேன்? திருநெல்வேலிக்காரர் தம் ஊர்க் கடையில் 'திருநெல்வேலி அல்வா' என்றா கேட்கிறார்?

இது வெறும் விதண்டாவாதம் என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்னும் முதல் இயலிலேயே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு பெயருக்கு முன்னே பண்புச் சொல் ஒன்றைச் சேர்த்தால், அது இனமான வேறொன்றிலிருந்து அப்பொருளைப் பிரித்துக் காட்டவேண்டும். அவ்விதம் பிரிக்காத அடைமொழி செய்யுளுக்கு ஆகும், உலக வழக்குக்கு ஆகாது என்பது அவர் கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் செஞ்ஞாயிறு. கருஞ்ஞாயிறு என்று ஒன்று இல்லாதபோது 'செம்மை' எதற்கு? அதே இயலில், தூரத்தில் தெரிவது கட்டையோ மனிதனோ என்று ஐயம் எழுந்தால் இரண்டுக்கும் பொதுவாக 'உரு' என்று சொல்லலாம் என்றும் விதி செய்திருக்கிறார். அறிந்த அளவுக்குச் சொல். கேட்பவருக்கு வேண்டிய அளவுக்குச் சொல்.

இதை வகுப்பில் நாம் சோதித்துப் பார்த்தோம். சிறிய பித்தளைப் பூட்டு ஒன்றை ஸ்லேட்டுக்கும் அடிக்கோலுக்கும் நடுவே வைத்து, கண்ணைக் கட்டியிருந்த தோழனுக்கு எது வேண்டும் என்று சொல்லும்படி ஒரு பையனிடம் கூறினோம். "பூட்டு" என்றான். அதே பூட்டை இரும்புப் பூட்டின் பக்கத்தில் வைத்ததும் "பித்தளைப் பூட்டு" என்றான். பெரிய பித்தளைப் பூட்டின் அருகில் வைத்தபோது "சின்னப் பூட்டு" ஆயிற்று. பூட்டு மாறவில்லை; அதன் அண்டை வீட்டார் மாறினார்கள். ஒரு சிறுமி மட்டும், பூட்டு தனியாக இருக்கும்போதே "மஞ்சள் பூட்டு" என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. நிறத்தை அவசியமின்றியும் சொல்வது பெரியவர்களுக்கும் வழக்கந்தான் என்று இத்துறையில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கண்ணில் முதலில் படுவது வாயிலும் முதலில் வந்துவிடுகிறது!

1958-இல் ராஜர் பிரவுன் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர், ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் பொருந்தும்போது குழந்தைக்கு அவற்றுள் ஒன்றை மட்டும் நாம் சொல்லிக்கொடுப்பது ஏன் என்று வினவினார். எந்த வேறுபாடு காரியத்துக்கு உதவுமோ அந்த அளவில்தான் பெயர் நிற்கிறது என்பது அவர் கண்ட விடை. நம் ஊர்ப் பூட்டுத் தொழிலே இதற்குச் சாட்சி. வாங்குகிறவர் வெளியே பார்ப்பவர். வடிவத்தைக் கொண்டு மாங்காய்ப் பூட்டு என்றும், சாவியைத் திருப்பினால் மணி அடிப்பதை மணிப்பூட்டு என்றும் சொல்கிறார். நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் அரத்தைக் கையில் பிடித்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்கோ உள்ளே எத்தனை லீவர் என்பதே பேச்சு.

நிற்க. அடைமொழி எப்போது வருகிறது என்பது தெரிந்துவிட்டால், அது எதற்கு வருகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். எள்ளின் நெய்தான் எண்ணெய். வேறு வித்துக்களின் நெய்களும் அந்தப் பெயரையே பூண்டுகொண்டு வந்தபின், பெயருக்கு உரிய எள்நெய் 'நல்லெண்ணெய்' என்று சொல்லிக்கொள்ளவேண்டியதாயிற்று. தறி என்றாலே கையால் நெய்வதுதான். விசைத்தறி வந்தது, சின்னாளபட்டித் தறிகள் 'கைத்தறி' ஆயின.

வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் அந்நியப் பொருளே பெரும்பாலும் அடைமொழியைச் சுமந்தது: சீமைத் துணி, சீமெண்ணெய், சீமைக் கருவேலம். நம்முடையது அடைமொழியின்றி நிமிர்ந்து நின்றது. இன்றைக்கோ நாட்டுக்கோழி, நாட்டுத் தக்காளி, நாட்டு மாடு என்கிறோம். சுமை விருந்தாளியின் தோளிலிருந்து வீட்டுக்காரர் தோளுக்கு மாறிவிட்டது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மானாவாரிச் சமவெளியில் கருவேலங்காடு என்றால் இப்பொழுது பலருக்கும் நினைவு வருவது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரமே. நம் பழைய மரத்தைக் காட்டுவதற்கு 'நாட்டுக் கருவேலம்' என்று விளக்கவேண்டியிருக்கிறது.

பூட்டின் கதையும் இதுதான். வடக்கே அலிகாரில் இயந்திரத்தால் செய்து மலிவாக அனுப்பும் பூட்டுக்கள் நம் கடைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமும் மகிழ்ந்தோம். போலிகளை விலக்க அது உதவும். ஆனால் சட்டம் காப்பாற்றுவது அந்த அடைமொழியைத்தான். அரம் பிடிக்கும் கையைக் காப்பாற்ற வேறு ஏற்பாடு வேண்டும். பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதில்லை என்று பட்டறைக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

முதியவர் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்தது நம்முடைய முறை. பழக்கதோஷத்தால் "ஒரு பூட்டு கொடுங்கள்" என்று மட்டும் சொன்னோம்.

கடைக்காரர் நம்மை ஒரு கணம் பார்த்தார். "எந்தப் பூட்டு, ஸார்?" என்றார்.