காங்கேயச் சாலையும் கொறங்காடும்

காங்கேயத்தினின்று தாராபுரம் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் வாய்க்கால் நீர் பாயும் வயல்கள் சில உள. ஏனையவை பெரும்பாலும் புன்செய்யும், கொறங்காடு என்று கொங்கு மக்கள் வழங்கும் மேய்ச்சல் நிலமுமே. ஊர்தியில் விரைவோர் இதனை வெறும் பொட்டல் என்பர். அது பிழை. மழை குறைந்த இந்நிலத்தில் தழைக்கும் கொழுக்கட்டைப் புல்லும், நிழலும் காயும் தரும் வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை முள்வேலியும் ஒருங்கே அமைந்ததே கொறங்காடு. காங்கேயக் காளையின் வலிவு இப்புல்லில் விளைந்தது. கிளுவைப் போத்தை நட்டால் அது வேர்கொண்டு உயிர்வேலியாகும். அவ்வேலி இருப்பின், மாடு மேய்க்கத் தனியே ஆள் வேண்டுவதில்லை.

சாலையை அகலப்படுத்த வேண்டா என்று எவரும் கூறார். விளைபொருள் சந்தை சேரவேண்டும். நோயாளி மருத்துவமனை சேரவேண்டும். ஆயினும், பெயர்த்த வேலிக்கு ஈடாகக் கம்பி கட்டினால் போதும் என்பது பொருந்தாது. கம்பி துருப்பிடிக்கும், ஆட்டுக்குத் தழை தாராது, குருவிக்குக் கூடும் ஆகாது. சாலையோர நிலத்தின் விலை ஏற ஏறக் கொறங்காடுகள் மனைகளாகப் பிரிந்துவரும் இந்நாளில், வேலியும் போயின் எஞ்சிய நிலத்தை உழவர் எங்ஙனம் காப்பர்? வேலியைப் பெயர்ப்பவரே அதன் போத்துகளை மழைக்குமுன் புதிய எல்லையில் நட்டுத் தருதல் கடமையாகும். வேலி அடையச் சில மழைக்காலம் செல்லும். அதுவரை மாட்டைக் கட்டிவைத்து இடும் தீனிச் செலவையும் சாலைக் கணக்கிலேயே சேர்த்தல் முறை.