கையெழுத்துக்கு முன்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடங்களைப் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் தருகிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் இக்குழுவின் பொறுப்பே. தமிழ்நாட்டில் 2022-இல் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர்; தலைவரும் பெற்றோரில் ஒருவரே.

செஞ்சி வட்டத்து அனந்தபுரம் போன்ற ஊர்களில் இந்த உரிமைக்குக் குறுக்கே நிற்பது கூட்டம் நடக்கும் நேரம். மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் பொழுது விடியுமுன் கொல்லைக்குப் போகும் தாய், பிற்பகல் கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் கூலி போய்விடும். சென்னைக்கோ பெங்களூருக்கோ பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகளை வளர்ப்பது பாட்டிதான். குழந்தையைப் பராமரிப்பவரும் பாதுகாவலரே என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அழைப்பு தாயின் கைபேசிக்குப் போனால் ஊரில் இருக்கும் பாட்டிக்கு அது எட்டாது. கடைசியில், எழுதி முடித்த தீர்மானப் பதிவேடு வீட்டு வாசலுக்கு வந்து கையெழுத்து கேட்கிறது. அதைப் பங்கேற்பு என்று கணக்கில் காட்டுவது பெற்றோருக்குச் செய்யும் அநீதி.

தாய்மார்களை நம்பி நடத்திய திட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் கோடு வரைந்தார்கள். கோடு ஏறுகிறதா, சரிகிறதா என்பதை எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பார்க்க முடிந்தது. எடை கூடாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு கொடுத்தார்கள். ஊர்ப் பெண்களைக் கொண்ட பணிக்குழுக்களும் துணை நின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். எந்தப் பிள்ளை உப்புமாவை ஒதுக்குகிறது, எந்தப் பிள்ளை இரண்டாம் முறை கேட்கிறது என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியும். உணவுப் பட்டியலை மாற்றும்போது முதலில் கேட்கவேண்டியது அவரைத்தான்.

பெற்றோரையும் அப்படிக் கேட்க, மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்துக்கு மாற்றலாம். நாளையும் நேரத்தையும் ரேஷன் கடையிலும் அங்கன்வாடிச் சுவரிலும் எழுதி வைக்கலாம். பள்ளிக்கு வந்த நிதி, செலவான தொகை இரண்டையும் வாய்விட்டு வாசித்த பிறகே பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதத் தொடங்கலாம். சட்டத்தைத் திருத்தாமலே, அடுத்த கூட்டத்திலிருந்தே இவற்றைச் செய்ய முடியும்.