மருத்துவ நூலகத்தின் கதவு யாருக்காகத் திறக்க வேண்டும்?

வழக்கமாக இப்பக்கத்தில் ஒரு நோயைப் பற்றியோ ஒரு மருந்தைப் பற்றியோ எழுதுவோம். இம்முறை நூலகத்தைப் பற்றி எழுதுகிறோம். மருத்துவமனை மடலில் நூலகத்திற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சரியான செய்தி உரிய வேளையில் கிடைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது நுரையீரல் மருத்துவர்களாகிய எங்கள் அனுபவம். அச்செய்தியைத் தேடி எடுத்துத் தரப் பயிற்சி பெற்றவர்கள் பல்கலைக்கழக மருத்துவ நூலகங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும், இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை இத்தொழிற்பகுதியில் உழைக்கும் உங்களுக்கும் இடையே ஒரு பாதை அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

மருத்துவ நூலகம் என்றதும் தடித்த புத்தகங்களும், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும், ஓசையற்ற மின்விசிறிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தத் தோற்றம் இன்று பெரிதும் மாறிவிட்டது. மருத்துவ ஆய்வேடுகளில் பெரும்பகுதி இப்போது கணினி வழியே வருகிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997-ஆம் ஆண்டு உலகினர் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட 'பப்மெட்' என்னும் தேடுதளத்தில் இன்று 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. ஆனால் பப்மெட்டில் எல்லாருக்கும் கிடைப்பது பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கமே. முழுக் கட்டுரையைப் படிக்கப் பல இதழ்களுக்குச் சந்தா கட்ட வேண்டும். அச்சந்தா தனி மருத்துவர் ஒருவரால் தாங்கக் கூடியதன்று.

இந்தச் சுவரை உடைக்க நம் நாட்டில் சில நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. 2007-ஆம் ஆண்டு, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் 'காக்ரேன் நூலகத்தை' இந்தியாவில் எவரும் கட்டணமின்றிப் படிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழி செய்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் சுமார் 6,300 அரசு உயர்கல்வி நிறுவனங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் சென்றடைய அது வழிவகுக்கிறது. ஒரு மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மாணவரும் டெல்லியின் பெரிய நிறுவனத்து மாணவரும் ஒரே இதழை ஒரே நாளில் படிக்க முடிவது சிறிய செய்தியன்று. எனினும் முதற்கட்டத்தில் அத்திட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியது. தனியார் மருத்துவமனைகளும், தொழிற்சாலைகளின் முதலுதவி மையங்களும், சிறிய நர்சிங் ஹோம்களும் அவ்வட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. இத்தொழிற்பகுதியின் தொழிலாளி உடல் நலமின்றி முதலில் போய் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம்.

இதழ்கள் கையில் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கோடிக்கணக்கான கட்டுரைகளுக்கு நடுவே நமக்கு வேண்டிய மூன்றைக் கண்டெடுப்பது தனிக் கலை. அக்கலையைக் கற்பிப்பதே இன்றைய மருத்துவ நூலகங்களின் முதன்மையான பணியாகி வருகிறது. கேள்வியை எப்படி வடிப்பது, எச்சொற்களால் தேடுவது, எவ்வகை ஆய்வுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது, வெளிவந்த பின் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை எப்படி அடையாளம் காண்பது என்பனவெல்லாம் பயிற்சி வகுப்புகளாக நடக்கின்றன. மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வு முறை குறித்த அடிப்படைப் படிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதனை இணையவழியே நடத்துவது சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம். நம் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் வரும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையத்திற்கு இடமளித்து, சான்றுகளைத் தொகுக்கும் முறையைப் பலருக்குக் கற்றுத் தந்துள்ளது.

நூலகர் தம் மேசையை விட்டு எழுந்து நோயாளியின் கட்டிலருகே வருவதும் புதிய எண்ணமன்று. 1971-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம்ப் என்னும் நூலகர், மருத்துவர்களுடன் வார்டுச் சுற்றுக்கு நூலகர்களை அனுப்பும் முறையைத் தொடங்கினார். மருத்துவருக்கு எழும் ஐயத்தை அங்கேயே குறித்துக்கொண்டு, உரிய சான்றைத் தேடித் தருவது அவர்கள் பணி.

இவையெல்லாம் நமக்கு ஏன் வேண்டும்? எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அடிக்கடி வரும் ஒரு வகை நோயை எடுத்துக்கொள்வோம். பெயின்ட் ஷாப்பில் வேலை செய்யும் இளைஞர், புகைப்பழக்கம் இல்லாதவர். சில மாதங்களாக இருமலும் இளைப்பும். வார விடுமுறையில் குறைகிறது. வேலைக்குத் திரும்பினால் கூடுகிறது. சில நாள்களில் ஷிப்டு முடிந்து அறைக்குச் சென்ற பின், நள்ளிரவில் மூச்சுத் திணறுகிறது. இருகூறு பெயின்ட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருப்பது வழக்கம். தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் நன்கறியப்பட்ட காரணங்களுள் அது ஒன்று. தூசிக்கென அணியும் சாதாரண முகக்கவசம் அதன் ஆவியைத் தடுக்காது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டு, அப்பொருளிலிருந்து விலகியவருக்கு நலம் பெறும் வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவருக்கு, வேலையை விட்ட பின்னும் இளைப்பு நீடிக்கக் கூடும். ஆகவே இங்கே காலம் மிக முக்கியம்.

ஆனால் அந்த இளைஞரிடம் என்ன பெயின்ட் என்று கேட்டால், நிறத்தைச் சொல்வார். அவர் மீது பிழையில்லை. வேறு எதுவும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்காது. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று உண்டு. நான்காம் பகுதி முதலுதவியையும், எட்டாம் பகுதி அணிய வேண்டிய கவசங்களையும், பதினொன்றாம் பகுதி உடலுக்கு நேரும் தீங்கையும் கூறும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இங்குதான் பயிற்சி பெற்ற நூலகரின் துணை பேருதவியாகும். டப்பாவின் மேல் உள்ள பெயரையோ எண்ணையோ அனுப்பினால், அத்தாளையும், அப்பொருள் குறித்து வெளிவந்த நம்பத்தக்க ஆய்வுகளையும் அவர் ஒரு நாளுக்குள் எடுத்துத் தர இயலும். மருத்துவர் அதனைக் கொண்டு, வேலை நாள்களிலும் ஓய்வு நாள்களிலும் மூச்சின் வேகத்தை அளந்து பதியச் செய்து, நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மருத்துவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையிலேயே ஐசோசயனேட் நஞ்சேற்றத்தைச் சேர்த்திருந்தது. தொடர்பு எழுத்தில் நிறுவப்பட்டால்தான் வேலையிடம் மாற்றிக் கேட்கவும், இ.எஸ்.ஐ. பயனைக் கோரவும் தொழிலாளிக்கு வலுவான ஆதாரம் கிடைக்கும். ஒரு தேடலின் பயன் ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தொடுகிறது என்பதை இதனால் உணரலாம்.

நம்பத்தக்க செய்தி இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிவிடும் என்பதற்கும் இப்பகுதியே சாட்சி. 2021 டிசம்பரில், ஒரு தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் நிலை தெரியாத வேளையில், சிலர் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அவர்களின் அச்சத்தை நாம் குறை கூற இயலாது. கேட்டறிய நம்பகமான ஓரிடம் அவர்களுக்கு இல்லை என்பதே வருத்தம். இன்று வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக் கூடிய குடியிருப்பு எழுந்துள்ளது. அத்தனை பேர் கூடி வாழும் இடத்திற்கு நல்ல குடிநீர் எவ்வளவு தேவையோ, நல்ல செய்தியும் அவ்வளவு தேவை.

இக்கோரிக்கைக்கு எழக்கூடிய மறுப்புகளையும் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். நோயாளிகள் ஆய்வுகளைப் படித்தால் அஞ்சிவிடுவார்கள் என்பர் சிலர். அவர்கள் ஏற்கெனவே படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததும், யூடியூபில் கேட்டதும், செயற்கை நுண்ணறிவுச் செயலி சொன்னதும் நாள்தோறும் எங்கள் மேசைக்கு வருகின்றன. அச்செயலிகள் சில வேளைகளில் இல்லாத கட்டுரையையே இருப்பதாகச் சொல்லிவிடுகின்றன. படிப்பதைத் தடுக்க முடியாது. நல்லதைப் படிக்க உதவ முடியும். நூலக ஒப்பந்தங்கள் வெளியாரை அனுமதியா என்பர் வேறு சிலர். நூலகத்திற்கு நேரில் வந்து படிப்போருக்கு இடமளிக்கும் விதி பல பதிப்பாளர் ஒப்பந்தங்களில் உண்டு. மருத்துவரின் இடத்தை நூலகர் எடுத்துக்கொள்வாரோ என்னும் ஐயமும் எழலாம். நூலகர் செய்தியைத் தருவார். அது இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று கூறுவது மருத்துவரின் கடமை. இவ்வெல்லையைத் தெளிவாக வகுத்துக்கொண்டால் இருவருக்கும் இடரில்லை. மருத்துவர் தொடர்ந்து கற்க வேண்டிய காலம் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் என 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. அறிவு பெருகும் வேகத்திற்கு அது மிகக் குறைவு. நூலகரின் துணை எங்களுக்கும் தேவை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மக்கள் மொழியில் மருத்துவ அறிவைத் தருவது நம் மரபுக்குப் புதிதுமன்று. 1847-இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் வாசகரிடம் செல்வதை அன்றே தொடங்கியவர்கள் நம்மவர்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. முதலாவது, தண்டலத்திலும் போரூரிலும் சென்னையிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளின் நூலகங்கள் இத்தொழிற்பகுதியின் மருத்துவமனைகளோடும் முதலுதவி மையங்களோடும் உடன்பாடு செய்து, மருத்துவர் அனுப்பும் கேள்விக்கு விரைந்து விடை தேடித் தர வேண்டும். இரண்டாவது, மாதம் ஒரு முறையேனும் நோயாளிகளின் குடும்பத்தினருக்கும் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக் குழுவினருக்கும் செய்தியைத் தேடவும் எடைபோடவும் பயிற்சி தர வேண்டும். அது தமிழில் மட்டுமன்றி, இங்கு உழைக்கும் ஒடிசா, பீகார், வங்காளத் தோழர்களின் மொழிகளிலும் நடக்க வேண்டும். மூன்றாவது, புறநோயாளர் பிரிவுகளில் ஒரு சிறு படிப்பிடமும், கேட்டதை வெளியே சொல்லாத ஒரு பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும்.

இவை நிறைவேறும் வரை நீங்கள் செய்யக் கூடியவையும் உண்டு. உடல்நலம் பற்றிய எந்தச் செய்தி வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? மனிதரிடம் சோதித்ததா, எலியிடம் சோதித்ததா? இதனால் யாருக்கு விற்பனை? வேறு எவரேனும் இதையே கண்டறிந்துள்ளனரா? தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு கற்பித்து 1998-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை திரும்பப் பெறப்பட 12 ஆண்டுகள் ஆயின. பெரிய இதழில் வந்ததாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு அது போதிய சான்று. காக்ரேன் தளத்தில் எளிய மொழிச் சுருக்கங்கள் சில தமிழிலும் உள்ளன, படித்துப் பாருங்கள்.

வேலையிடத்தில் நீங்கள் கையாளும் பொருளின் பெயரை, டப்பாவின் மேல் உள்ளவாறே, ஒரு தாளில் எழுதியோ கைபேசியில் படமெடுத்தோ அடுத்த முறை எங்களிடம் கொண்டு வாருங்கள். படித்த செய்தியைக் காட்டத் தயங்க வேண்டாம். எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். உங்கள் கேள்விகளே நூலகங்களின் கதவைத் தட்டும் முதல் ஓசை. அவற்றைச் சேர்த்து உரிய இடங்களுக்குக் கொண்டு செல்வது எங்கள் பொறுப்பு.