கூடுவதற்கு ஓர் இடம்

சென்ற மாதம் நடந்த நம் சங்கப் பொதுக்குழுவில், பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித்தர முன்வந்திருக்கும் பில்டரின் திட்டம் பேசப்பட்டது. கீழே ஏ.சி. கல்யாண மண்டபம், மேலே வாடகைக்கு அலுவலக அறைகள். வாசகசாலைக்கு இடம் எங்கே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். "அதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அந்தப் 'பிறகு' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது.

1979-இல் டிப்ளமா முடித்த கையோடு மும்பைக்கு ரயிலேறி, பரேல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அந்நாளில் பரேல், லால்பாக் என்றால் மில்கள்தான். விடியுமுன்பே சங்கு ஊதும். தொழிலாளர்களில் பலர் குடும்பத்தைக் கொங்கண் கிராமங்களில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரே அறையில் பலர், ஷிப்டுக்கு ஷிப்டு மாறிப் படுப்பார்கள்.

அவர்களுக்கு வாய்த்த பொதுக்கூடம் தாமோதர் ஹால். என்.எம். ஜோஷி 1911-இல் தொடங்கிய சோஷியல் சர்வீஸ் லீக்கினுடையது. தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளியும் நூலகமும் நடத்திய அமைப்பு அது. 1922 முதல் அந்த ஹால் இருந்தது. என்னுடன் வேலை பார்த்த மராத்தி ஃபிட்டர் ஒருவர் ஒருமுறை நாடகத்துக்கு அழைத்துப் போனார். பகலில் தறி ஓட்டியவர்களே இரவில் ராஜா வேஷம் கட்டியிருந்தார்கள். டிக்கெட் வசூல் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்று நண்பர் சொன்னார். மொழி பாதிதான் புரிந்தது. விஷயம் முழுதும் புரிந்தது.

1982 ஜனவரியில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பின்னாளில் மில்கள் ஒவ்வொன்றாக மூடி, அங்கெல்லாம் உயரக் கட்டடங்கள் எழுந்தன. ஹால் மட்டும் நின்றது. 2023-இல் அதுவும் புதுக் கட்டடம் எழுப்புவதற்காக மூடப்பட்டது. மராத்தி நாடகக் கலைஞர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே இடத்தில் மீண்டும் அரங்கம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

நூறாண்டு கண்ட, ஊரே அறிந்த ஹாலுக்கே இப்படிப் போராட வேண்டியிருக்கிறது என்றால், நம் சிறிய வாசகசாலைக்காக நாளை யார் தெருவில் நிற்கப் போகிறார்கள்?

புதுக் கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாடியில் தளம் ஒழுகுவதையும், தூணில் கம்பி துரு ஏறி வெளியே தெரிவதையும் நானே பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். மண்டப வாடகை இல்லாமல் சங்கம் நடக்காது என்பதும் உண்மை. ஆனால் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தினமும் மாலையில் வருகிறவர்களால்தான் சங்கம் சங்கமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவி காலமானபோது, டோம்பிவிலியிலிருந்து மகன் வந்து சேருவதற்குள் வீட்டு வாசலில் நின்றவர்கள், வாசகசாலையில் என்னோடு பேப்பர் படிக்கிற நாலு பேர்தான். அவர்களில் இருவரின் வீடு எங்கே என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது.

என் யோசனை மூன்று. முதலாவது, தரைத்தளத்தில், படியேற முடியாதவர்களும் வரும்படி, முந்நூறு சதுர அடி வாசகசாலைக்கும் தமிழ் வகுப்புக்கும் ஒதுக்கி, அதை வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும். இரண்டாவது, கட்டி முடியும் வரை பக்கத்தில் ஒரு வாடகை அறை. அந்த வாடகையைப் பில்டர் தர வேண்டும். மூன்றாவது, ஓய்வு பெற்ற நாங்கள் முறைவைத்துத் தினமும் ஐந்து மணிக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டுகிறோம். சம்பளம் வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைப் பிரிக்கும்போதே எந்தப் பாகம் எங்கே போக வேண்டும் என்று நம்பர் குத்தி வைப்போம். பிரித்துப் போட்டபின் தேடினால் கிடைக்காது. அடுத்த பொதுக்குழுவில் கையெழுத்துப் போடுமுன் உறுப்பினர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.